கடலை விட்டு வந்த மோட்டாரில் தங்கிய உப்பு: அவுட்போர்டு இக்னிஷன் பிழைகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

எங்கள் பட்டறை சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். கடல் இங்கிருந்து வெகு தூரம். ஆனாலும் எங்களிடம் வரும் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும்) மோட்டார்களில் பெரும்பாலானவை கடலில் உழைத்தவைதான். நாகப்பட்டினம், கடலூர் பக்கம் ஃபைபர் படகுகளில் சில வருடம் ஓடி, செகண்ட் ஹேண்டில் கைமாறி, மேட்டூருக்கோ பூலாம்பட்டிக்கோ ஏற்காட்டு எஸ்டேட் குட்டைக்கோ வந்து சேர்ந்தவை. வாங்கியவர் "இனிமே நல்ல தண்ணிதானே, துருப்பிடிக்காது" என்று நிம்மதியாக இருப்பார். கொஞ்ச மாதத்தில் ஸ்பார்க் வராது. "சிடிஐ போயிடுச்சுங்கண்ணா, புதுசு ஒண்ணு எங்க கிடைக்கும்?" என்று வந்து நிற்பார்.

பெரும்பாலும் சிடிஐ, அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஸ்பார்க்குக்கு விடும் எலக்ட்ரானிக் பெட்டி, நன்றாகவே இருக்கும். ஒரு எர்த் லக்கோ (எர்த் வயர் முனையில் போல்ட் மாட்டும் வளையம்), ஒரு புல்லட் கனெக்டரோ, என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச்சின் உள்பக்கமோ அரித்துப் போயிருக்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. சாரலாக உள்ளே போன தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயிலிலும் கனெக்டரிலும் அப்படியே தங்கும். சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். சேலத்தில் பகல் வெயிலில் காய்வது இரவில் மறுபடி நனையும். ஏற்காட்டு மூடுபனியிலோ அது காய்வதே அரிது. மோட்டார் கடலைப் பார்த்து வருடக்கணக்கு ஆனாலும் அரிப்பு நிற்காமல் நடப்பது இதனால்தான். ஆகவே செகண்ட் ஹேண்ட் மோட்டாரில் இக்னிஷன் கோளாறு என்றால், முதலில் உப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள். பாகம் வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்

இங்கே சொல்வது கயிறு இழுத்தோ செல்ஃப் மூலமோ ஸ்டார்ட் ஆகும், சிடிஐ இக்னிஷன் கொண்ட சிறிய, நடுத்தர மோட்டார்களுக்கு. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் வேறு விஷயம்.

வேலை செய்யும் விதம் இதுதான். ஃபிளைவீலின் உள்ளே இருக்கும் காந்தங்கள் சார்ஜ் காயிலைச் சுற்றி ஓடும்போது 100 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பிறக்கிறது. அது சிடிஐக்குள் உள்ள கண்டென்சரில் சேர்கிறது. சரியான நேரத்தில் பல்ஸர் காயில் ஒரு சிக்னல் கொடுத்ததும், சேர்ந்தது மொத்தமும் இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து, பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகி, பிளக்கில் தாவுகிறது. இந்தப் பாதைக்கு பேட்டரி தேவையில்லை. அதனால்தான் பேட்டரியே இல்லாத கயிறு மோட்டாரும் ஓடுகிறது. சார்ஜ் காயிலுக்கோ சிடிஐக்கோ வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. நல்ல சிடிஐயும் அதில் செத்துப்போகும்.

பாதுகாப்புக்கு மூன்று விஷயம். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், முடிந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். ஸ்பார்க் சோதிக்கும் இடம் பிளக் ஓட்டையிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி சீறி வரும். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டக்கூடாது. டிரம்மில் நிரப்பி, லெக் (மோட்டாரின் கீழ்ப்பகுதி) மூழ்கிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வறண்டு ஓடினால் வாட்டர் பம்ப் இம்பெல்லர் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

கருவிகள்: மல்டிமீட்டர், ஸ்பார்க் டெஸ்டர், இரண்டு கிளிப் வயர், அப்புறம் பைக்கின் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று. அந்தப் பல்பின் அருமை பின்னால் தெரியும்.

கயிறு இழுத்தால் ஸ்பார்க்கே இல்லை

முதலில் கில் சுவிட்ச்சில் இருந்து ஓட்டுகிறவர் மேல் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறு, அதன் கிளிப் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். இதை மறந்துவிட்டு மேட்டூரிலிருந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

அடுத்து, பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, கேப்பில் செருகி, உலோக உடம்பை கிளிப் வயரால் என்ஜின் பிளாக்கோடு கட்டுங்கள். பெயின்ட் இல்லாத வெள்ளை உலோகத்தில் கட்ட வேண்டும். எச்டி வயரை (காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் உயர் வோல்ட் வயர்) எர்த் இல்லாமல் சும்மா தொங்கவிட்டு இழுத்தால் மின்சாரம் வேறு வழி தேடி காயிலையோ சிடிஐயையோ துளைத்துவிடும். இழுக்கும்போது பலமாக இழுங்கள். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சிடிஐ போதிய அளவு சார்ஜ் ஆகாது. மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு "ஸ்பார்க் இல்லை" என்று முடிவுகட்டினால் தேடல் முழுவதும் தப்பான திசையில் போகும். பிளக் இல்லாத என்ஜின் லேசாகச் சுற்றும் என்பதால் இந்த வேகம் எளிதில் கிடைத்துவிடும்.

அப்படியும் இல்லையென்றால் ஸ்டாப் வயரைக் கழற்றுங்கள். இதுதான் இந்த வேலையில் மிகவும் பலன் தரும் ஒற்றைச் சோதனை. இவ்வகை மோட்டார்களில் கில் சுவிட்ச், மின்சாரத்தைத் துண்டித்து என்ஜினை நிறுத்துவதில்லை. சிடிஐயிலிருந்து வரும் ஸ்டாப் வயரை எர்த்தோடு சேர்த்து, ஸ்பார்க்குக்குப் போக வேண்டியதை எர்த்தில் இறக்கி நிறுத்துகிறது. சுவிட்ச்சுக்குள் உப்பும் பச்சைக் களிம்பும் சேர்ந்து ஈரமானால், யாரும் அழுத்தாமலே அது அரைகுறையாக எர்த் ஆகிக்கொண்டிருக்கும். யமஹாவில் ஸ்டாப் வயர் பெரும்பாலும் வெள்ளை, எர்த் கறுப்பு. மெர்குரியில் கறுப்பில் மஞ்சள் கோடு. உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் முந்தைய கைகள் வயரை மாற்றியிருக்கலாம்.

சிடிஐ பக்கத்திலேயே அந்த வயரைப் பிரித்துவிட்டு இழுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் சிடிஐ, காயில் எல்லாம் நல்லது. கோளாறு கில் சுவிட்ச், சாவி சுவிட்ச், இரண்டுக்கும் நடுவில் ஓடும் வயர் இவற்றில் ஒன்றில். ஆனால் ஒன்று: ஸ்டாப் வயர் பிரிந்திருக்கும்போது என்ஜின் ஸ்டார்ட் ஆனால் சாவியால் நிற்காது. சோக்கை முழுதாக இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். இந்த நிலையில் படகைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. கில் சுவிட்ச்சை பைபாஸ் செய்து ஓட்டுகிறவர் தவறி விழுந்தால், ஆள் இல்லாத படகு சுற்றிச்சுற்றி அவர் மேலேயே வரும். அணையில் அப்படி உயிர் போக வேண்டிய அவசியம் இல்லை. புது கில் சுவிட்ச்சின் விலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஸ்டாப் வயரைப் பிரித்தும் ஸ்பார்க் வரவில்லை. சரி, இப்போது எர்த். சிடிஐ, இக்னிஷன் காயில் இரண்டின் எர்த்தும் ஒரு சின்ன செம்பு லக் வழியாக அலுமினிய பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். செம்பு, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று மூன்று உலோகம் ஒரே இடத்தில், நடுவில் உப்பு ஈரம். அங்கே அலுமினியம்தான் முதலில் கரையும். லக்கைக் கழற்றினால் கீழே வெள்ளைப் பொடி இருக்கும். அந்தப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எமரி போட்டு, லக்கையும் மாற்றி இறுக்குங்கள். எங்களிடம் வரும் 'சிடிஐ போன' மோட்டார்களில் நிறைய இந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிடுகின்றன.

நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். வெள்ளைப் பொடி அலுமினியம் அரிவது. சிவப்பு இரும்பு. பச்சையும் நீலம் கலந்த பச்சையும் செம்பு அல்லது பித்தளை. வயரை உரித்தால் உள்ளே இழைகள் கறுத்திருந்தால், இன்சுலேஷனுக்கு உள்ளேயே உப்புத் தண்ணீர் ஊர்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பச்சைதான் பஞ்சலோகச் சிலைகளையும் தின்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கிய ரசாயனப் பாதுகாப்புக்கூடம் ஆரம்பத்திலிருந்தே போராடியது வெண்கலத்துக்குள் புகுந்த குளோரைடோடுதான். மேலே துடைத்தால் போகாது, உள்ளே குளோரைடு இருக்கும்வரை பச்சை மறுபடி முளைக்கும். லக்கைத் துடைத்துவிட்டு மாட்டாமல், புதிதாக மாற்றச் சொல்வது அதற்காகத்தான்.

எர்த்தும் சரி என்றால் மீட்டரை எடுங்கள். கனெக்டர்களைப் பிரித்துவிட்டு ஒவ்வொரு காயிலையும் தனியாக அளக்க வேண்டும். இக்னிஷன் காயிலின் பிரைமரி பொதுவாக 1 ஓமுக்கும் குறைவு, செகண்டரி சில ஆயிரம் ஓம். சார்ஜ் காயிலும் பல்ஸர் காயிலும் பெரும்பாலும் நூறுகளில் காட்டும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலில் இருப்பதே கணக்கு. ஒன்றைக் கவனியுங்கள்: மேனுவல் எண்கள் பெரும்பாலும் 20 டிகிரி வெப்பத்துக்குக் கொடுத்தவை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரியில் அளந்தால் நல்ல காயிலே 8 சதவீதம் அதிகம் காட்டும். அதைப் பார்த்து காயிலைத் தூக்கி எறிய வேண்டாம். காலையில் குளிர்ந்த பிறகு அளந்தால் பிரச்சினையே இல்லை.

காயில் வயருக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவிலும் அளக்க வேண்டும். சில காயில்களின் ஒரு முனை வடிவமைப்பிலேயே எர்த்தில் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். மற்றவை எர்த்தோடு தொடர்பே காட்டக்கூடாது. மீட்டரின் உயர்ந்த ரேஞ்சில் சில லட்சம் ஓம் என்று ஏதாவது காட்டினால் காயிலுக்குள் உப்பு ஈரம் இறங்கியிருக்கிறது. ஸ்டேட்டரை (ஃபிளைவீலுக்குக் கீழே காயில்கள் பொருத்திய தட்டு) கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். பிழைத்தால் பிழைக்கும்.

ஸ்டேட்டரைப் பார்க்க ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்கென்று உள்ள புல்லரைப் பயன்படுத்துங்கள். சுத்தியலால் தட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் பெயர்ந்துவிடும், கிராங்க் ஷாஃப்ட்டும் அடிவாங்கும். ஃபிளைவீலைக் கழற்றியதும் அதை ஷாஃப்ட்டோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டான கீ வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பார்க் நன்றாக வந்தும் மோட்டார் கயிற்றைப் பின்னுக்கு இழுத்து உதைத்தால் காரணம் பெரும்பாலும் அந்தக் கீதான். டைமிங் நழுவியிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே சிடிஐயைச் சந்தேகிக்கலாம். சார்ஜ் காயிலிலிருந்து சிடிஐக்குள் எவ்வளவு வோல்ட் போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று அளக்க பீக் வோல்டேஜ் அடாப்டர் வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் வந்துபோகும் அந்தத் துடிப்பைச் சாதாரண மீட்டரால் சரியாகப் பிடிக்க முடியாது. அடாப்டர் இல்லையென்றால், அதே மாடல் மோட்டார் வைத்திருப்பவரிடம் சிடிஐயை ஒரு மணி நேரம் கடன் கேட்டு மாட்டிப் பார்ப்பதே நேர்மையான சோதனை.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை

இது சுலபம். இரண்டு சிலிண்டரின் பிளக்கை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிறகு கேப், பிறகு காயில். கோளாறு எந்தப் பாகத்தோடு சேர்ந்து இடம் மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. கடல் மோட்டாரில் பெரும்பாலும் கேப்பாகத்தான் இருக்கும். கேப்பைத் திருகிக் கழற்றினால் எச்டி வயரின் முனையில் பச்சை தெரியும். வயரில் நீளம் மிச்சம் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் போதும். ரெசிஸ்டர் உள்ள கேப் சுமார் 5,000 ஓம் காட்டும். தொடர்பே இல்லாததுபோல மீட்டர் அளவில்லாமல் காட்டினால் தூக்கிப் போடுங்கள்.

பிளக் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். என்ஜிகே பிளக்கில் எண்ணின் கடைசியில் 10 என்று முடிந்தால் இடைவெளி 1.0 மில்லிமீட்டர். எழுத்துகளில் ஆர் இருந்தால் ரெசிஸ்டர் உள்ளது. கடையில் "அதே மாதிரிதான் இருக்கும்" என்று கொடுப்பதை வாங்க வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் ஆகாது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும்

ஏற்காட்டிலிருந்து வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். இரவு முழுவதும் பனி கவுலுக்குள் (மோட்டாரின் மேல்மூடி) இறங்குகிறது, உள்ளே இருக்கும் உப்பு அதைக் குடிக்கிறது, எச்டி வயரின் மேலும் காயிலின் மேலும் ஈர உப்புப் படலம் உருவாகிறது. பிளக்கில் தாவ வேண்டியது அந்தப் படலத்தின் மேல் ஊர்ந்து பிளாக்குக்குப் போய்விடுகிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் எல்லாம் சரி. உரிமையாளர் 'குளிருக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடுவார். குளிர் மட்டும் காரணமாக இருந்தால் சோக் போட்டதும் சரியாகியிருக்கும்.

கண்டுபிடிக்க இருட்டுதான் வேண்டும். விடியுமுன், அல்லது ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, கவுலைத் திறந்து வைத்து ஒருவர் இழுக்க, மற்றவர் பார்க்க வேண்டும். கசியும் இடத்தில் மெல்லிய நீலக் கோடு ஓடுவது தெரியும், டிக் டிக் என்று சத்தமும் கேட்கும். பகலில் சோதிக்க வேண்டுமென்றால், துணி இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயரால் காயில் மேல் லேசாகப் பனிபோலத் தூவி இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இதைச் செய்யலாம்.

சரிசெய்வது: காயிலையும் எச்டி வயரையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கொண்டு மறுபடி துடைத்து, காயவிட்டு, கேப்பின் உள்வாயில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். வயரின் மேல்தோல் வெடித்திருந்தால் டேப் சுற்றி ஏமாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இதோடு ஏற்காட்டுக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. எஸ்டேட்டில் மோட்டாரை உர குடோனிலேயே வைத்துவிடுகிறார்கள். பொட்டாஷ் மூட்டை என்பது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்புதான். காப்பிச் செடிக்கு போர்டோ கலவை போட வைத்திருக்கும் மயில்துத்தத்தின் தூள் அலுமினியத்தில் ஈரத்தோடு பட்டால் குழி விழும். அம்மோனியா கலந்த உரம் பித்தளை டெர்மினலை வெடிக்க வைக்கும். கடலையே பார்க்காத புது மோட்டாரும் அந்த அறையில் இரண்டு மழைக்காலம் கிடந்தால் கடல் மோட்டார் போல ஆகிவிடும். தயவுசெய்து வேறு இடத்தில் வையுங்கள்.

குளிர்ந்தபோது நன்றாக ஓடும், சூடானதும் நின்றுவிடும்

காயிலுக்குள் ஒரு இழை விட்டுப்போயிருக்கும். குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து பிரியும். நின்ற உடனே, ஆறுவதற்குள், மீட்டர் வைத்து சார்ஜ் காயிலையும் பல்ஸரையும் அளக்க வேண்டும். பட்டறையில் என்றால் ஹேர் டிரையரால் சூடேற்றி அளக்கலாம். மெதுவாக எண் ஏறுவது இயல்பு, திடீரென்று அளவில்லாமல் ஓடினால் காயில் போய்விட்டது.

ஆனால் நின்ற உடனே பெட்ரோல் பல்பையும் (டேங்க் குழாயில் கையால் அழுத்தும் ரப்பர் உருண்டை) அழுத்திப் பாருங்கள். பல்பு சப்பி உள்ளே இழுத்திருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, இக்னிஷனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வேகம் ஏற்றினால் திக்குகிறது

சார்ஜ் காயில் பலவீனமானாலும், பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றாலும் இப்படி வரும். மேலே சொன்ன முறையில் அளந்துகொள்ளுங்கள்.

மலைக்கு ஏற்றிய மோட்டாரில் மட்டும் வேறு ஒரு காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. நாகப்பட்டினத்துக் கடலோரக் காற்றுக்கு ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்ட கார்புரேட்டர் இங்கே அதே பெட்ரோலைக் கொடுக்கும், காற்று மட்டும் குறைவு. கலவை தடித்து, பிளக்கில் கரி ஏறி, கரி வழியே மின்சாரம் கசிந்து, ஸ்பார்க் திக்கும். பிளக் கறுப்பாக, உலர்ந்த கரியோடு இருந்தால் மேனுவல் சொல்லும் சிறிய மெயின் ஜெட்டுக்கு மாற்றுங்கள். சக்தி கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதற்கு வயரிங்கைக் குறை சொல்ல முடியாது. அதே மோட்டாரை மறுபடி கீழே மேட்டூருக்குக் கொண்டுபோனால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள். மெலிந்த கலவையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் பிஸ்டனை உருக்கிவிடும்.

கெரசினில் ஓடிய மோட்டார் என்றால் பிளக் எண்ணெய்ப் பிசுக்காக ஈரமாக இருக்கும். சூடாகுமுன் கெரசினுக்கு மாற்றினால் வருவது அது.

சாவியை ஆஃப் செய்தாலும் நிற்கவில்லை

முதல் அறிகுறிக்கு நேர் எதிர். ஸ்டாப் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சுவிட்ச்சின் எர்த் அரித்துப் போயிருக்கிறது. சுவிட்ச் இணைந்தாலும் எர்த் போய்ச் சேரவில்லை. இந்த மோட்டாரில் கில் கயிறும் வேலை செய்யாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வெள்ளத்தில் ஆள் மீட்கப் போகும் ரப்பர் படகுகளில் இதை ஒவ்வொரு முறையும் கரையிலேயே சோதிக்க வேண்டும்: ஓடும்போது கிளிப்பை இழு, நிற்கிறதா பார். நிற்காவிட்டால் அன்றைக்கு அந்தப் படகு போகக் கூடாது.

செல்ஃப் அடித்தால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

இது பேட்டரிப் பாதை. இங்கேதான் 21 வாட் பல்பு வருகிறது. மீட்டரின் பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். முப்பது இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். சந்தேகப்படும் வயர் வழியாகப் பல்பை எரியவிட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் அந்த வயர் உள்ளே செத்திருக்கிறது. சார்ஜ் காயில், சிடிஐ கனெக்டர்களைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் வெறும் வயரில் இதைச் செய்ய வேண்டும்.

தடித்த பேட்டரி கேபிளுக்குப் பல்பு போதாது. ஒருவர் செல்ஃப் அடிக்க, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் வோல்ட் அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அரிப்பு இருக்கிறது. முனை முனையாக நகர்த்தி அளந்தால் இடம் தானே தெரிந்துவிடும்.

அரித்த வயரை மாற்றும்போது

கறுத்த இழைகளைக் கண்டால் பளபளப்பான செம்பு வரும்வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் தாண்டியும் கறுப்பாகவே இருந்தால் முழு வயரையும் மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது வெள்ளீயம் பூசிய, டின்டு காப்பர் என்று கேட்டு வாங்குங்கள். இழை வெள்ளையாகத் தெரியும். வீட்டு வயரிங் கம்பி இங்கே ஆகாது, ஒற்றைத் தடிக் கம்பி அதிர்வில் ஒடிந்துவிடும்.

நல்ல கிரிம்பிங் டூலால் அழுத்தி, மேலே உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சூடேற்றினால் பசை உருகி இரண்டு வாயையும் அடைத்துவிடும். பசை இல்லாத சாதாரண ஸ்லீவ் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்குப் போடாமலே இருக்கலாம். சால்டரிங் வைப்பவர்கள் உண்டு. ஈயம் முடிந்து வயர் தொடங்கும் இடம் விறைத்துப்போய் அதிர்வில் அங்கேயே ஒடியும் என்பதால் நான் கிரிம்பிங்கோடு நிறுத்திக்கொள்வேன்.

பெரிதும் எச்சரிக்க வேண்டியது பாத்ரூமுக்கு அடிக்கும் சிலிக்கானைப் பற்றி. கனெக்டரை அடைக்க ஹார்டுவேர் கடையில் அதை வாங்கி அப்பிவிடுகிறார்கள். வினிகர் வாசனை வரும் வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அது செம்பைத் தின்னும். வெளியே அழகாக மூடியிருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொன்று, செம்புப் பாத்திரம் துலக்குவதுபோல டெர்மினலைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது. பார்க்கப் பளபளக்கும், ஆனால் அமிலமும் உப்பும் இடுக்கில் தங்கி அரிப்பைப் பெருக்கும். எமரியும் ஆல்கஹாலும் போதும்.

இனி வராமல் இருக்க

கடலோரத்திலிருந்து மோட்டார் வந்த முதல் வாரத்திலேயே ஒரு நாள் ஒதுக்குங்கள். கவுலைக் கழற்றி, கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்து, நல்ல தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்கஹாலால் அலசி, முழுதாகக் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசி மாட்டுங்கள். பிரஷர் வாஷரை கவுலுக்குள் காட்டவே கூடாது, உப்பை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். கடைசி அலசலுக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும்.

டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டும், நீண்ட நாள் காப்பாற்றாது. அதை அடித்துத் துடைத்த பிறகு, மெழுகுபோலப் படியும் துருத்தடுப்பு ஸ்பிரேயை எர்த் போல்ட்டுகள் மேலும் காயில் பிராக்கெட் மேலும் அடியுங்கள். எர்த் லக்கை முதலில் இறுக்க வேண்டும், அப்புறம்தான் மேலே பூச்சு. கடலில் இன்னும் ஓடும் மோட்டார் என்றால் கரை ஏறிய ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உள்பாதையைக் கழுவுங்கள். அந்தக் கழுவல் வயரிங்குக்கு உதவாது என்பதால், கவுலுக்குள் ஈரத்துணி துடைப்பு தனி வேலை.

துத்தநாக ஆனோடு (தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் துண்டு) பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது தண்ணீரில் மூழ்கியிருக்கும் உலோகத்தை மட்டும் காக்கும், கவுலுக்குள் இருக்கும் வயரிங்குக்கு எந்தப் பயனும் இல்லை. நல்ல தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது வேலையை நிறுத்திவிடும். மேட்டூரிலோ ஏற்காட்டிலோ நிரந்தரமாக ஓடப்போகிறது என்றால் மெக்னீசியம் ஆனோடு போடுங்கள். கடலுக்கும் இங்கேயுமாகப் போய்வந்தால் அலுமினியம். மெக்னீசியத்தோடு கடலில் இறக்கினால் சீக்கிரமே கரைந்துபோகும். எந்த ஆனோடுக்கும் பெயின்ட் அடிக்கக் கூடாது.

நிறுத்தி வைக்கும்போது தார்ப்பாயால் இறுக்கிக் கட்டாதீர்கள், பனி உள்ளே புகுந்தால் வெளியே போக வழி இருக்காது. கூரைக்குக் கீழே, கவுலைச் சற்றுத் தூக்கி வைத்து, பேட்டரி முனையைக் கழற்றி வையுங்கள். அளந்த ஓம் எண்களை, தேதியோடும் அன்றைய வெப்பத்தோடும், கவுலின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்தால் அடுத்த முறை மோட்டாரைத் திறப்பவருக்கு எந்த எண் மாறியிருக்கிறது என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.